குளத்து மண்ணை ட்ரோன் வெச்சு அளக்கறது எப்படி? – எங்க தெரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து

மாலதி: குளம் வத்திருச்சு, தூர்வார மிஷின் வரப்போகுது. எத்தனை யூனிட் (ஒரு யூனிட்டுன்னா 100 கன அடி) மண் போச்சுன்னு நம்ம கையில கணக்கு இருக்கணும். முன்னாடி ஒரு தடவை, முடிஞ்சப்புறம் ஒரு தடவை ட்ரோன் விட்டுப் பார்க்கலாம். அந்தப் படங்களைச் சேர்த்து மண் கணக்குப் போட எந்த சாஃப்ட்வேர் நல்லதுங்க?

செந்தில்: 25 ஏக்கர்தானுங்க்கா, வெப்ஓடிஎம் தாராளமா போதும், இலவசம். மெட்டாஷேப், பிக்ஸ்4டி எல்லாம் காசு. ஆனா கணக்கு நிக்கறது, தரையில வெச்சு இடத்தையும் உயரத்தையும் துல்லியமா அளக்கற ஜிசிபி அடையாளப் பலகையிலதான். உயரம் மொத்தமா 5 செ.மீ. தப்பினாலே 5,000 கன மீட்டருக்கு மேல வித்தியாசம் வரும். 1,780 யூனிட்டுங்க!

யூசுப்: நேர் கீழ பார்த்த படம் மட்டும் எடுத்தா சாஃப்ட்வேர் கட்டற 3டி மாடல் நடுவுல குழியும், இல்லைன்னா மேடு தட்டும். குளமே குழிங்கறதால பார்த்தா தெரியவே தெரியாது. கேமராவை 20–30 டிகிரி சாய்ச்சு குறுக்கால ரெண்டு மூணு ஓட்டம் எடுத்தே ஆகணும்.

அருள்: எத்தனை உயரம்ணா?

செந்தில்: 60 மீட்டர், தம்பி. விமான நிலையத்துல இருந்து 8–12 கி.மீ.க்குள்ள பச்சை மண்டலத்துக்கு (முன் அனுமதி வேண்டாத பகுதி) 200 அடிதான் வரம்பு, அதுக்குள்ளயே வந்துரும். பறக்க முந்தி அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் மேப்ல மண்டலத்தைப் பார்த்துரு. 3.3 மைக்ரான் பிக்சல், 12.3 மி.மீ. லென்ஸ்னா ஒரு பிக்சல் தரையில 1.6 செ.மீ. ஓவர்லாப், அதாவது ஒரு படம் அடுத்த படத்து மேல படியறது, முன்பக்கம் 80 சதவீதம், பக்கவாட்டுல 70. சாய்வுப் படத்தோட சேர்த்து 400 படத்துக்கு மேல போகும், 32 ஜிபி ரேம் வேணும்.

யூசுப்: ஷட்டர் 1/1000 செகண்ட் வை. செகண்டுக்கு 8 மீட்டர் வேகத்துல 1/200 வெச்சா படம் எடுக்கற நேரத்துல ட்ரோன் 4 செ.மீ. நகர்ந்துரும், ரெண்டரை பிக்சல் கலங்கல். மெக்கானிக்கல் ஷட்டர் இல்லாத கேமரான்னா வெப்ஓடிஎம்ல ரோலிங் ஷட்டர் திருத்தத்தை ஆன் பண்ணு.

மாலதி: பலகை எத்தனைங்க? சுண்ணாம்புல கோடு போட்டா ஆகாதா?

செந்தில்: சுண்ணாம்புல நடுப்புள்ளி சரியா தெரியாதுங்க்கா. 60 செ.மீ. ஃப்ளெக்ஸ்ல கறுப்பு வெள்ளைக் கட்டம் அடிச்சுக்கலாம். மூலைக்கு ஒண்ணு, நடுவுல ரெண்டு. மாடல் சரியான்னு பார்க்க தனியா மூணு சோதனைப் புள்ளி, அதை ஜிசிபி ஃபைல்ல சேர்க்கவே கூடாது. பலகையை அளக்கற ஆர்டிகே கருவி (செ.மீ. துல்லியத்துல காட்டற ஜிபிஎஸ்) "ஃபிக்ஸ்" காட்டினாத்தான் பதிவு பண்ணணும், "ஃப்ளோட்"ல எடுத்தா உயரம் டெசிமீட்டர் கணக்குல தப்பும்.

அருள்: சாஃப்ட்வேர்ல கொடுக்கற வரைபட மண்டலம் யுடிஎம் 44தானேங்ணா?

யூசுப்: இல்ல தம்பி, நம்ம கோவை 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே இருக்கு. 43 வடக்கு, அதோட இபிஎஸ்ஜி கோடு நம்பர் 32643. மதுரை, சேலம்தான் 44. உயரத்தையும் பார்த்துக்க: ஜிபிஎஸ் தர்ற நீள்வட்ட உயரம் இங்க கடல்மட்டக் கணக்கை விட சுமார் 90 மீட்டர் கம்மி. ரெண்டு சர்வேயும் ஒரே கணக்குல இருக்கணும்.

செந்தில்: மதகு மேல் தளத்தையும் கரை மேல சிமெண்ட் ரோட்டையும் படத்துல கட்டாயம் சேருங்க. அது ரெண்டும் மாறாது. ரெண்டு டிஎஸ்எம்மையும் (மேற்பரப்பு உயர மேப்) க்யூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர்ல ஒண்ணுல இருந்து ஒண்ணு கழிச்சா அங்க பூஜ்யம் வரணும். 4 செ.மீ. காட்டினா குளம் பூராவும் அதே பிழை இருக்க வாய்ப்பு அதிகம், கணக்கைக் கொடுக்காதீங்க.

மாலதி: சீமைக்கருவேலம் அடைச்சு நிக்குதே?

யூசுப்: அப்படியே எடுத்தா மர உசரமெல்லாம் மண்ணாக் கணக்காகிரும், அக்கா. முதல்ல அடியோட வெட்டச் சொல்லுங்க, வேர் பிடுங்க வேண்டாம், பிடுங்கினா மண்ணும் கூட வரும். வெட்டி அப்புறப்படுத்தின மறுநாளே பறக்கலாம், காலைல 10 மணிக்கு மேல.