கில் மெக்கானிசம்: ‘அழிவுக் காரணி’ போதவில்லை, ‘கொல்வழி’ சரிப்படுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

போன வாரம் இந்தக் கலைச்சொல் குழுவில் கில் மெக்கானிசம் (kill mechanism) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘அழிவுக் காரணி’ என்று முடிவானபோது நானும் தலையாட்டியவன்தான். அந்தச் சொல்லை நம்பிப் பெர்மியன் என்ற புவியியல் காலத்தின் முடிவில் நடந்த பேரழிவு பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்க உட்கார்ந்தேன், இரண்டாம் பத்தியிலேயே வண்டி நின்றுவிட்டது. மூலத்தில் ‘டிரிகர்’ (அழிவைத் தொடங்கிவைத்தது) என்று ஒன்று, ‘கில் மெக்கானிசம்’ (உயிர்களைச் சாகடித்த விதம்) என்று வேறொன்று, இரண்டும் ஒரே வரியில் வருகின்றன. நம்மிடம் இரண்டுக்கும் ஒரே சொல். “அழிவுக் காரணி எரிமலைதான் என்றாலும் அழிவுக் காரணி எது என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை” என்று எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

இதை வெறும் அகராதிச் சிக்கல் என்று ஒதுக்க முடியாது. அந்தத் துறையில் நடக்கும் வேலையே இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான். 25 கோடியே 19 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் எரிமலைக் குழம்பு ஓடியது, சரி. அதற்காக இன்றைய தென்சீனப் பகுதியில் அன்றிருந்த கடலின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பிராக்கியோபாடு என்ற ஓட்டுயிர் ஏன் சாக வேண்டும்? குழம்பு அங்கே வரவே இல்லையே.

எரிமலையா என்று கேட்கிறவர்கள் பார்ப்பது வயதை. சீனாவின் செஜியாங் மாகாணத்தில் மெய்ஷான் என்ற இடத்தில் சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் அடுக்குகள் இருக்கின்றன. அந்தச் சாம்பலில் கிடைக்கும் சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து, அழிவு நடந்து முடிய ஏறத்தாழ 60 ஆயிரம் ஆண்டுகள், கூடக்குறைய 48 ஆயிரம், என்று 2014இல் பர்ஜஸ், பவ்ரிங், ஷென் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கணக்குச் சொன்னார்கள். (சாம்பல் என்றதும் சைபீரியச் சாம்பல் என்று நினைத்துவிட வேண்டாம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது பக்கத்திலிருந்த வேறு எரிமலைகளுடையது, இங்கே வெறும் கடிகாரம்.) மறு ஆண்டு அதே முறையில் சைபீரியப் பாறைகளை அளந்தபோது, அங்கே குழம்பு வரத் தொடங்கியது அழிவுக்கு ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள் முன்னால் என்று வந்தது. அப்படியானால் அவ்வளவு காலம் உயிர்கள் எப்படித் தாக்குப்பிடித்தன? 2017இல் அதற்கு ஒரு விடை சொன்னார்கள்: மேலே வழிந்த குழம்பைவிட, பூமிக்கடியில் நிலக்கரி, உப்புப் படிவுகளுக்கு நடுவே பக்கவாட்டில் புகுந்து அவற்றை வேகவைத்த குழம்புதான் முக்கியம், அது புகத் தொடங்கிய நேரம்தான் அழிவோடு பொருந்துகிறது, வெந்ததிலிருந்து கிளம்பிய வாயுக்கள்தான் வினை.

இதுவரைக்கும் டிரிகர். உயிர் எப்படிப் போனது என்பது அடுத்த கேள்வி, அதற்குச் சாட்சிகளும் வேறு. பாறையில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் மிக நுண்ணிய உருண்டைகளாகக் கிடக்கும். அவை எல்லாமே சில மைக்ரான் அளவிலேயே நின்றிருந்தால், கடல்நீரிலேயே ஆக்சிஜன் இல்லாமல் ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்திருந்தது என்று பொருள். வெளிச்சமும் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்த வாயுவும் சேர்ந்து கிடைக்கும் இடத்தில் மட்டுமே வாழும் பச்சைக் கந்தக பாக்டீரியாவின் நிறமி மிச்சத்தை 2005இல் மெய்ஷான் பாறையிலும் ஆஸ்திரேலியாவின் பெர்த் படுகையிலும் கண்டுபிடித்தார்கள், அதாவது வெயில் படும் ஆழம்வரை நஞ்சு ஏறியிருந்தது. கொனொடோன்ட் என்ற விலாங்கு போன்ற சிற்றுயிரின் பற்களில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்பை (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின் விகிதத்தை) வைத்து, பெர்மியனுக்கு அடுத்த டிரையாசிக் தொடக்கத்தில் வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு 40 டிகிரியைத் தொட்டிருக்கலாம் என்று 2012இல் எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, செத்தவர் பட்டியலையே சாட்சியாக வைப்பது. தொல்லுயிரியலாளர் ஆண்ட்ரூ நோலும் மற்றவர்களும் அதைத்தான் செய்தார்கள்: கனத்த சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொண்டு, உடலுக்குள் ஏறும் அமிலத்தைச் சமாளிக்க வழியில்லாத பவளங்களும் பிராக்கியோபாடுகளும் கொத்துக்கொத்தாகப் போயின, சமாளிக்கத் தெரிந்தவை ஓரளவு தப்பின. எதைக்கொண்டு கொன்றார்கள் என்று பிணத்தைப் பார்த்துச் சொல்கிற வேலை.

அதனால் கில் மெக்கானிசத்துக்கு ‘கொல்வழி’ என்று முன்வைக்கிறேன். கொல்களிறு, கொல்யானை போல வினைத்தொகை. கொன்ற வழி, கொல்கின்ற வழி, கொல்லும் வழி என்று மூன்று காலத்துக்கும் விரியும், இன்றைய கடல் சூடாவதைப் பேசும்போதும் பயன்படும். இன்னொரு வேடிக்கை, ‘கொல்லே ஐயம்’ என்று தொல்காப்பியத்தில் இருக்கிறது, கொல் என்றால் சந்தேகக் குறிப்பு. வெப்பமா, மூச்சுத்திணறலா, அமிலமா என்று இழுத்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா!

டிரிகருக்கு ‘நோய்முதல் நாடி’ என்ற குறளை வைத்து (அங்கே முதல் என்றால் காரணம்) ‘அழிவுமுதல்’ என்று யோசித்தேன், அதில் எனக்கே அரைமனதுதான்.

———

வணக்கம் தம்பி,

> அதனால் கில் மெக்கானிசத்துக்கு ‘கொல்வழி’ என்று முன்வைக்கிறேன்.

சொல் நன்றாய்த்தான் இருக்கிறது, ஆனால் மூன்று இடத்தில் எனக்கு இடிக்கிறது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் மெக்கானிசம் என்றால் பொறிமுறை என்றே படித்தோம், படிப்பித்தோம். ‘வழி’ என்று சுருக்கினால் பிள்ளைகளுக்கு இது ஒரு மெக்கானிசம் என்பதே தெரியாமல் போகும். பழந்தமிழில் ‘கொல்வழி’ என்றால் ‘கொல்லும்போது’ என்றும் வரும்.

அடுத்தது, கொல் என்றால் கொல்லுகிற ஆள் ஒருவர் வேண்டுமே. கடலுக்கு யார் மீதும் பகை இல்லை. ‘மாய்வழி’ என்றால் என்ன?

மூன்றாவதுதான் பெரிது. பெர்மியனுக்கு முந்தைய டெவோனியன் காலத்தின் பிற்பகுதியை எடுங்கள். அங்கே பல்வகைமை சரிந்ததற்கு, இனங்கள் அற்றுப்போன வேகத்தைவிடப் புது இனங்கள் தோன்றுவது குறைந்ததே பெரிய காரணம் என்று 2004இல் பாம்பாக், நோல், வாங் கணக்குப் பார்த்து எழுதினார்கள். அங்கே கொன்றது யார்? பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

‘அழிவுமுதல்’ வேண்டாம். “அழிவு முதல் இன்று வரை” என்று யாராவது இடம்விட்டு எழுதினால் கதை முடிந்தது. ‘தொடக்கி’ போதும்.

இன்னொன்று, போன வாரப் பட்டியலில் மாஸ் எக்ஸ்டிங்ஷனுக்கு (பல உயிரினங்கள் ஒருசேர அற்றுப்போவதற்கு) ‘இன அழிப்பு’ என்று ஒருவர் போட்டிருந்தார். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

———

அக்கா,

கடைசியில் சொன்னதை முதலில் செய்துவிட்டேன், பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று. தனி இனத்துக்கு ‘அற்றுப்போதல்’ என்றே வைத்துக்கொள்வோம், மாஸ் எக்ஸ்டிங்ஷனுக்குப் ‘பேரற்றம்’ என்று ஒரு யோசனை இருக்கிறது. ‘அறிவற்றம் காக்கும் கருவி’ என்ற குறளில் அற்றத்துக்கு அழிவு என்றுதான் பொருள், ஆனால் ‘அற்றம் மறைக்கும்’ என்று இன்னொரு குறளில் வேறு பொருளில் வருவதால் தனி இழையில் அடித்துக்கொள்ளலாம்.

> ‘மாய்வழி’ என்றால் என்ன?

அச்சில் ஒரு புள்ளி விட்டுப்போனால் ‘மாயவழி’ ஆகிவிடும். நம் அச்சகங்களை நம்பி நான் அந்த வம்புக்கு வரமாட்டேன்.

கொல்ல ஆள் வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. பனி கொன்ற பயிர் என்கிறோம், பனிக்கு என்ன பகை?

டெவோனியன் விஷயத்தில் மடக்கிவிட்டீர்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அங்கே ஆங்கிலச் சொல்லே பொருந்தாது. பிறப்புக் குறைந்ததற்குக் கில் மெக்கானிசம் என்று யாரும் தேட முடியாது. அங்கே ‘தோற்றக் குறைவு’ என்று தனியாக எழுதிவிடலாம், கொல்வழி என்ற சொல் பொருந்தாத இடத்தில் பொருந்தாமல் இருப்பது அதற்குப் பெருமைதான். பொறிமுறையை விளக்கக் குறிப்பில் கட்டாயம் போடுகிறேன்: ‘கொல்வழி, அதாவது உயிர்களைச் சாகடித்த பொறிமுறை’.

‘தொடக்கி’ எனக்கும் சம்மதம். இரண்டையும் வைத்து எழுதிப் பார்த்தேன்: “தொடக்கி சைபீரிய எரிமலைதான் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள், கொல்வழிகளில் எது எவ்வளவு என்பதில்தான் வாதம்.” வழுக்காமல் ஓடுகிறது. டைனோசர் கதைக்கும்: “தொடக்கி மெக்சிகோவின் சிக்சுலுப்பில் நடந்த விண்கல் மோதல், கொல்வழி புகையும் தூசும் சூரியனை மறைத்ததால் வந்த இருளும் குளிரும்.” இதுவும் பரவாயில்லை.

வேறு யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், திங்களன்று கட்டுரையை அனுப்பியாக வேண்டும். அப்புறம், நம் பழைய பட்டியலில் சைபீரியன் டிராப்ஸ் (அந்தச் சைபீரிய எரிமலைப் பாறைப் பரப்பின் பெயர்) என்பதைச் ‘சைபீரியப் பொறிகள்’ என்று போட்டிருக்கிறது, திருத்தும் உரிமை உள்ளவர்கள் பாருங்கள். அது எலிப்பொறி இல்லை, சுவீடன் மொழியில் படிக்கட்டு. குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து, அரிப்பில் மலைச்சரிவு படிபோலத் தெரிவதால் வந்த பெயர்.