ரூஸ்வெல்ட் மக்களிடமிருந்து தங்கத்தைப் பிடுங்கினாரா?

வேலன்:
1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அமெரிக்க அரசு வீடு வீடாகப் போய்த் தங்கத்தைப் பறிமுதல் செய்ததாக ஒரு வீடியோவில் பார்த்தேன். பேங்க் லாக்கரையும் உடைத்தார்களாம். கல்யாண மோதிரத்தையுமா விடவில்லை? நாலில் ஒருவருக்கு வேலை இல்லாத நேரத்தில் இவர்களுக்குத் தங்கம் எதற்கு?

பழைய நாணயம்:
லாக்கர் உடைத்த கதை சுத்தப் பொய், வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. ஆனால் உத்தரவு நிஜம். 6102-ம் எண் ஆணை, 1933 ஏப்ரல் 5. தங்கக் காசு, கட்டி, தங்கச் சான்றிதழ் (தங்கத்துக்கு ஈடான காகிதப் பணம்) எல்லாவற்றையும் மே 1-க்குள் வங்கியில் கொடுத்துவிட்டு அவுன்ஸுக்கு 20.67 டாலர் கணக்கில் பணம் வாங்கிக்கொள்ள வேண்டும். தவறினால் 10,000 டாலர் வரை அபராதம், அல்லது 10 வருஷம் வரை சிறை, சமயத்தில் இரண்டுமே. நகைக்கு விலக்கு உண்டு, மோதிரம் தப்பித்தது. ஆளுக்கு 100 டாலர் மதிப்புள்ள காசு வைத்துக்கொள்ளலாம், சேகரிப்பாளர்களின் அரிய நாணயங்களையும் தொடவில்லை. வழக்குப் போட்டது ரொம்பக் குறைவு. உண்மையில் மக்களைப் பயமுறுத்தியது அதற்கு முந்தைய மாதம் நடந்ததுதான்: தங்கத்தை எடுத்துப்போய்த் திருப்பித் தராதவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடுவோம் என்று அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் சொன்னதும், பைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள்.

மாறன்:
எதற்கு என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அன்றைய சட்டப்படி ஃபெடரல் ரிசர்வ் நோட்டுகளுக்கு 40 சதவீதம் தங்க ஈடு இருக்க வேண்டும். ஜனங்கள் பயந்து தங்கத்தை எடுக்க எடுக்க, நோட்டு அடிக்கக் கை கட்டப்பட்டது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் பணத்தைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் முறையை விட்டு விலகியதும், தங்கம் வெளியே போய்விடக் கூடாதென்று அக்டோபரில் வட்டியை 1.5-லிருந்து 3.5 சதவீதத்துக்கு ஏற்றினார்கள், அதுவும் நாடு மந்தத்தில் மூழ்கிக்கொண்டிருந்தபோது! 1929-ல் ஒரு பவுண்டு எடை 16 சென்ட்டுக்கு மேல் போன பருத்தி, 1932-ல் 6 சென்ட் சொச்சம். விவசாயியின் கடன் மட்டும் அப்படியே நின்றது. விலைவாசியை மேலே தூக்கத்தான் ரூஸ்வெல்ட் டாலரைத் தங்கத்திடமிருந்து அவிழ்த்துவிட்டார்.

தூக்கிய விதம்தான் வேடிக்கை. 1933 கடைசியில் காலை உணவு நேரத்தில், படுக்கையில் இருந்தபடியே, அன்றைக்கு அரசு எந்த விலையில் தங்கம் வாங்குவது என்று முடிவு செய்வார் (தங்க விலை ஏறினால் டாலர் மதிப்பு இறங்கும், பொருள் விலை ஏறும் என்பது கணக்கு). ஒருநாள் 21 சென்ட் கூட்டலாம் என்றார். ஏன் என்றால், மூவேழு இருபத்தொன்று ராசியான எண்ணாம். பக்கத்திலிருந்த மார்கெந்தாவ் (அப்புறம் நிதியமைச்சரானவர்), இது வெளியே தெரிந்தால் ஜனம் மிரண்டுவிடும் என்கிற மாதிரி டைரியில் எழுதி வைத்திருக்கிறார்.

பழைய நாணயம்:
அதெல்லாம் சரி, ஆனால் 20.67-க்குக் கொடுத்தவன் கதி? 1934 ஜனவரி கடைசியில் அதே அவுன்ஸ் 35 டாலர். லாபம் கருவூலத்துக்கு. கடன் பத்திரங்களில் 'தங்கத்தில் திருப்பித் தரப்படும்' என்று எழுதியிருந்ததையும் நாடாளுமன்றம் ஒரே தீர்மானத்தில் ரத்து செய்தது, 1935-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதிகள் 5-4 என்று பிரிந்து மயிரிழையில் அரசுக்கு விட்டுக்கொடுத்தது. அரசு தன் கையெழுத்துக்கே மதிப்புத் தராததை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

மாறன்:
நியாயம் என்று நான் சொல்லவே இல்லை, பலன் இருந்தது என்கிறேன். 1933 வசந்தத்திலிருந்தே விலையும் உற்பத்தியும் ஏற ஆரம்பித்தன. தங்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பிரான்ஸ் 1936 வரை மந்தத்தில் கிடந்தது.

வேலன்:
அப்போ அமெரிக்க அரசின் தங்கக் கிடங்கான ஃபோர்ட் நாக்ஸில் இருப்பது இந்த ஜனங்களின் தங்கம்தானா?

பழைய நாணயம்:
ஒரு பகுதி. காசுகளை உருக்கிய கட்டிகளில் செம்பு கலந்திருப்பதால் லேசாகச் சிவந்திருக்கும். ஆனால் பெரும்பங்கு 35 டாலர் விலைக்கு ஆசைப்பட்டும் ஹிட்லருக்குப் பயந்தும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. அமெரிக்கக் குடிமகன் மறுபடி தங்கக் கட்டி வைத்துக்கொள்ள 1974 டிசம்பர் 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.