லட்சுமியின் பாலும் மஞ்சள் முத்துகளும்

குழு: அல்சூர் குறுக்குத் தெரு குடும்பங்கள்

முருகேசன், காலை 6:52
மூன்று நாளாக லட்சுமியின் இடது பின்காம்பில் பால் திரிதிரியாக வருகிறது. அந்தப் பாலை யாருக்கும் ஊற்றவில்லை.

சரோஜா அக்கா, 6:55
அதனால்தான் நேற்று அரை லிட்டர் குறைந்ததா! எங்களை மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

கயல், 7:03
அண்ணா, நீங்கள் கொடுத்த பாலைக் கல்லூரி ஆய்வகத்தில் தட்டில் பூசி வைத்தேன். கிருமிகள் முத்து முத்தாக வளர்ந்திருக்கின்றன. இதோ படம்.

ராகவன் மாமா, 7:06
ஆகா, மஞ்சள் முத்துகள்! பொன்னிறம் என்றால் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி. லத்தீனில் ஆரியஸ் என்றாலே பொன்நிறம்தான். வழக்கு முடிந்தது.

கயல், 7:11
அவசரப்படாதீர்கள் மாமா. 1884இல் ரோசன்பாக் என்ற ஜெர்மன் மருத்துவர் அப்படித்தான் நிறத்தை வைத்துப் பிரித்தார்: பொன்னிறம் ஆரியஸ், வெள்ளை ஆல்பஸ். ஆரியஸ் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை உறைய வைக்கும். அதனால் மஞ்சள் முத்து, ஓரத்து வெளிர் முத்து இரண்டையும் தனித்தனியே முயல் பிளாஸ்மாவில் கலந்து 37 டிகிரியில் வைத்தேன். மஞ்சள் கலந்தது ஒரு நாள் கழித்தும் நீராகவே நின்றது. வெளிர் முத்துதான் நான்கு மணி நேரத்தில் உறைய வைத்தது.

ராகவன் மாமா, 7:12
வெளுத்த சட்டை போட்டவன்தான் திருடன் என்கிறாய்.

கயல், 7:14
சந்தேகம் அவன் மேல்தான். ஆரியஸில் நிறமே காட்டாத வகைகளும் உண்டு. அந்தப் பொன்னிறம் கேரட் நிறமியின் உறவு. வெள்ளணுக்களின் தாக்குதலைத் தாங்க அது ஒரு கவசம்.

கமலா பாட்டி, 7:20
மழைக்காலத்தில் மீந்த களியில் இரத்தப் பொட்டு போல வரும். அம்மன் கோபம் என்று கொட்டிவிடுவோம்.

கயல், 7:24
பாட்டி, 1819இல் இத்தாலியில் பாதுவா அருகே மக்காச்சோளக் களி அப்படிச் சிவந்து ஊரே நடுங்கியது. பிசியோ என்ற மருந்தாளர் அது ஓர் உயிர் என்று காட்டி, செராஷியா என்று பெயர் வைத்தார். மாட்டுக்கு மடிநோயும் தரும். அறை வெப்பத்தில் சிவக்கும் அதே கிருமி 37 டிகிரியில் பெரும்பாலும் வெளுத்தே வளரும். அப்புறம் நிறத்தை எப்படி நம்புவது?

சரோஜா அக்கா, 7:26
அதெல்லாம் இருக்கட்டும். காய்ச்சினால் சாகாதா?

கயல், 7:28
கிருமி சாகும். ஆரியஸ் பாலில் விட்டுப்போகும் நஞ்சு கொதித்தாலும் எளிதில் அழியாது.

சரோஜா அக்கா, 7:29
கடவுளே! திரிந்த பாலைக் கேட்டு வாங்கித் திரட்டுப்பால் கிண்டலாம் என்றிருந்தேன்.

முருகேசன், 7:33
நான் என்ன செய்யட்டும் பாப்பா?

கயல், 7:36
லட்சுமியைக் கடைசியாகக் கறங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணி. கறந்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் முக்குங்கள். டாக்டர் மருந்து ஏற்றினால் அவர் சொல்லும் நாள்வரை நல்ல காம்புப் பாலும் வேண்டாம்.

முருகேசன், 7:38
பத்து மணிக்கு வருகிறார். படத்தை அவருக்கும் அனுப்பு.

ராகவன் மாமா, 7:40
அந்த மஞ்சள் யார் என்றாவது சொல்லிவிடு.

கயல், 7:41
மைக்ரோகாக்கஸாக இருக்கலாம். தோலில் வாழ்வது. என் கையிலிருந்தே விழுந்திருக்கலாம் மாமா.

சரோஜா அக்கா, 7:42
முருகேசன், நாளைக்குக் கறுப்பு மாட்டின் பால் அரை லிட்டர். கை கழுவிவிட்டுக் கறங்கள்.