தேக்கடியில் தங்கியதும் காட்டுக்குள் நடந்ததும்

காட்டோரத்தில் ஓர் இரவுக்குப் பெருந்தொகை வாங்கும் சூழலியல் விடுதிகளால் அந்தக் காட்டுக்கு உண்மையில் ஏதேனும் நன்மை உண்டா என்று இங்கே பலரும் கேட்டிருந்தீர்கள். தேக்கடியில் எனக்குக் கிடைத்த அனுபவத்தை வைத்து இதற்கு விடை சொல்ல முயல்கிறேன். அறையின் அழகையும் உணவின் சுவையையும் பார்ப்பதற்கு முன்பு, நாம் கொடுக்கும் பணம் காட்டை நம்பி வாழ்கிறவர்களின் கைக்குப் போகிறதா என்பதைப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

தேக்கடி அமைந்திருக்கும் பெரியாறு புலிகள் காப்பகம் கேரளத்தில் இருந்தாலும் நமக்கு அந்நியமான இடம் அன்று. காப்பகத்தின் நடுவில் விரிந்து கிடக்கும் ஏரி, 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையால் உருவானது. தேனியிலும் மதுரையிலும் வயல்களை நனைக்கும் தண்ணீர், 925 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் காடு பிடித்துவைத்துத் தருவதுதான். 1978இல் இது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

நாங்கள் தங்கியது தேக்கடியை ஒட்டிய குமுளியில் உள்ள ஸ்பைஸ் வில்லேஜ் என்ற விடுதியில். மன்னான் பழங்குடியினரின் குடியிருப்புகளை முன்மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்ட அதன் குடில்களுக்கு யானைப்புல்லால் கூரை வேய்ந்திருக்கிறார்கள். குளிரூட்டும் கருவி இல்லை. வெளியில் வெயில் கொளுத்திய நண்பகலில் உள்ளே நுழைந்தபோது, அடர்ந்து இறங்கியிருந்த அந்தப் புல்வேய்ச்சலின் அருமை உடம்புக்கே தெரிந்தது. ஐம்பது மைல் தொலைவுக்குள் விளைந்த பொருள்களைக் கொண்டே சமைக்கும் உணவகம் ஒன்றையும் அங்கே நடத்துகிறார்கள். பணம் கொடுத்துத் தங்குகிறவர்களிடம் சில வசதிகள் இங்கே கிடையா என்று சொல்லும் துணிவை நான் மதிக்கிறேன். இதே வட்டாரத்தில் பெயரில் மட்டும் பசுமையைச் சூட்டிக்கொண்ட வேறொரு விடுதியில் முன்பு தங்கியிருக்கிறேன். அங்கே இரவு நெடுநேரம் ஒலிபெருக்கி முழங்கியது, மரங்களை நோக்கி விளக்குகளைப் பாய்ச்சியிருந்தார்கள். காட்டு விலங்குகள் நடமாடும் நேரத்தில் அப்படிச் செய்வது அநியாயம்.

ஆனால் இந்தப் பயணத்தில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது விடுதியன்று, காட்டுக்குள் எங்களை அழைத்துச் சென்றவர்கள். வயணா என்று அங்கே சொல்லப்படும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்த ஒரு குழுவினர், உலக வங்கியின் நிதியுதவியோடு 1996இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் காலத்தில், வனத்துறையோடு சேர்ந்து வேலை செய்ய முன்வந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு சூழல் மேம்பாட்டுக் குழு அமைக்கப்பட்டு, 1998இல் பெரியாறு டைகர் டிரெயில் என்ற நடைப்பயணம் தொடங்கியது. ஒரு தடவைக்குச் சில பயணிகளை மட்டுமே கூட்டிச் செல்கிறார்கள். துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவர் உடன் வருகிறார். இரவில் காட்டுக்குள்ளேயே கூடாரத்தில் தங்க வேண்டும்.

புறப்படும் முன் முழங்கால்வரை வரும் துணி உறைகளைக் கொடுத்து, அட்டை ஏறாமலிருக்க அவற்றின்மேல் மூக்குப்பொடியைத் தூவிவிட்டார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்ததால் சருகுகளுக்கிடையே அட்டைகள் நிமிர்ந்து நின்று எங்களை நோக்கித் துழாவின. எங்களுக்கு முன்னால் நடந்த வழிகாட்டி, நடுத்தர வயதைக் கடந்தவர், ஓரிடத்தில் ஒரு மரத்தின் அடியில் நின்றார். இடுப்புயரத்திலிருந்து மேலே பட்டை உரிக்கப்பட்டு, விளிம்புகள் தடித்து மூடிவந்திருந்த பழைய வடு அதில் இருந்தது. வியாபாரி கொடுத்த முன்பணத்துக்காகவே ஒரு காலத்தில் காட்டுக்குள் வந்ததாகவும், எவ்வளவு சுமந்தாலும் கடன் தீரவில்லை, வழக்குதான் கூடியது என்றும் அவர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய விரல் அந்த வடுவின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் ஓடையைத் தாண்டிய புல்வெளியில் யானைக் கூட்டம் ஒன்றைக் கண்டோம். குட்டி ஒன்று தாயின் வயிற்றுக்கடியில் நின்றது. ஒளிப்படம் எடுக்க நான் ஓரடி முன்னே வைத்ததும் அந்த வழிகாட்டி என் தோளைத் தொட்டு, "சார், காத்து அந்தப் பக்கம் திரும்புது, மெதுவாப் பின்னால வாங்க" என்று கிசுகிசுத்தார். நாங்கள் சரிவுக்கு மேலே போய்ச் சேருவதற்குள் மூத்த பெண்யானை துதிக்கையை உயர்த்தி எங்கள் வாடையைப் பிடித்துவிட்டது. மற்றவை குட்டியைச் சுற்றி நெருங்கி நின்றன. சற்று நேரத்தில் மீண்டும் மேயத் தொடங்கின. காட்டுக்குத் தெரியாமல் நடக்கப் பல ஆண்டுகள் பழகிய ஒருவரின் அறிவு, அன்று எங்களையும் காத்தது, அந்தக் குட்டியையும் கலவரப்படாமல் காத்தது.

இந்த வகைச் சுற்றுலா இங்கே ஓர் ஆளையோ ஒரு குழுவையோ சார்ந்து நின்றுவிடவில்லை. மன்னான், பளியர் சமூகத்தினர் குறுகிய நடைகளுக்கு வழிகாட்டுகிறார்கள். காட்டோரத்துப் பெண்கள் வசந்த சேனை என்ற பெயரில் 2002 முதல் கூலி வாங்காமல் சந்தன மரங்களுக்குக் காவல் சுற்றுகிறார்கள். என்னைக் கேட்டால், தேக்கடியின் பெருமையாக யானைக்கு முன்பு இவர்களைத்தான் சொல்வேன்.

படகுச் சவாரியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏரிக்கரையில் காட்டெருமையும் மிளாவும், தண்ணீரில் நிற்கும் பட்ட மரங்களில் நீர்க்காகங்களும் எளிதாகக் கண்ணுக்குக் கிடைக்கும் என்பது உண்மை. எனினும் 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை மறக்கக் கூடாது. மிதவை உடையைக் கழற்றாதீர்கள். விலங்கு தென்பட்டதும் ஒரே பக்கமாக எழுந்து ஓடாதீர்கள். நேரமும் உடல்நலமும் இடம்கொடுத்தால் மூங்கில் தெப்பத்தில் போவதையே பரிந்துரைப்பேன்.

விடுதியைப் பதிவு செய்யுமுன் தொலைபேசியில் மூன்று செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வேலை செய்கிறவர்களில் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர், கழிவுநீர் எங்கே போகிறது, விருந்தினரைக் காட்டுக்கு யாருடன் அனுப்புகிறார்கள். மூன்றாவது கேள்விக்குத் தனியார் ஜீப் என்று பதில் வந்தால், நடைப்பயணத்தை வனத்துறையிடம் நீங்களே நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாம். யானைகளைப் பார்ப்பதே முதன்மை நோக்கமென்றால், உட்காட்டு நீர்நிலைகள் வற்றி அவை ஏரிக்கு இறங்கிவரும் மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஏற்றவை. மண்ணிறத்திலோ கரும்பச்சையிலோ உடை எடுத்துச் செல்லுங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம்.