முழுதாக நிமிராத ஏர் ஃபோர்க்: கழற்றுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: மேட்டுவழி

என் மவுண்டன் பைக்கில் 150 மி.மீ. டிராவல் (அழுந்தும் தூரம்) உள்ள ஏர் ஃபோர்க் (காற்றழுத்தத்தில் இயங்கும் முன் சஸ்பென்ஷன்) இருக்கிறது. சில வாரங்களாக, பைக்கில் யாரும் ஏறாதபோதுகூட, ஸ்டான்ஷன் குழாய் (கீழ்க் காலுக்குள் போய்வரும் மேல் குழாய்) 135 மி.மீ. அளவுக்குத்தான் வெளியே தெரிகிறது. ஹேண்டில்பாரை மேல்நோக்கி இழுத்தால் சற்று நீள்கிறது, விட்டவுடன் மீண்டும் உள்ளே போய்விடுகிறது. சிறு கற்கள், வேர்கள் மீது போகும்போது முன்பிருந்த மென்மையும் இல்லை. ஷாக் பம்பை மாட்டும்போதெல்லாம் முன்பு அடித்ததைவிடக் குறைந்த அழுத்தமே காட்டுவதால், காற்று கசிகிறதோ என்ற ஐயமும் உண்டு. டேம்பரை (அசைவின் வேகத்தை ஆயிலால் கட்டுப்படுத்தும் பகுதியை) தொடும் எண்ணம் எனக்கில்லை. அதைத் தவிர்த்து, வீட்டிலேயே எதுவரை பார்க்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பல்சக்கரம்

பம்ப் காட்டும் அளவை வைத்துக் கசிவு என்று முடிவு செய்யாதீர்கள். பம்பை மாட்டியவுடன் ஃபோர்க்கில் உள்ள காற்றின் ஒரு பகுதி பம்பின் குழாயை நிரப்பப் போய்விடும்; ஆகவே ஒவ்வொரு முறையும் முள் சற்றுக் கீழேதான் நிற்கும். கழற்றும்போது கேட்கும் ‘உஸ்’ ஓசையும் பெரும்பாலும் அந்தக் குழாயில் இருந்த காற்றுதான்.

நிமிராமல் இருப்பதுதான் முக்கியமான அறிகுறி. ஏர் ஃபோர்க்கில் பிஸ்டனுக்கு மேலே பாசிட்டிவ் அறை, கீழே நெகட்டிவ் அறை என இரண்டு உண்டு. ஃபோர்க் கிட்டத்தட்ட நீண்டிருக்கும் நிலையில், உட்சுவரில் உள்ள ஒரு சிறு பள்ளத்தின் வழியே இரண்டிலும் அழுத்தம் சமமாகும். அந்தப் பள்ளத்தைக் கிரீஸ் அடைத்துக்கொண்டாலோ, பிஸ்டன் சீல் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்து காற்றைக் கீழே விட்டாலோ, நெகட்டிவ் அறையில் அழுத்தம் மிகுந்து ஃபோர்க்கை உள்ளே இழுக்கும். முதலில் வழக்கமான அழுத்தத்தில் பாதியை அடித்து, டிராவலில் கால் பங்கு அளவுக்கு மெதுவாகப் பலமுறை அழுத்தி விடுங்கள். பிறகு முழு அழுத்தம் அடித்து அதையே திரும்பச் செய்யுங்கள். நிமிர்ந்து அப்படியே நின்றால் வேலை முடிந்தது. ஓட்டிய பிறகு மீண்டும் இறங்கினால் சீலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பதில் 2: சேறும் சகதியும்

மேலே சொன்னது சரி. ஆனால் மென்மை குறைந்ததற்கு அது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. முன்சக்கரத்தைக் கழற்றி, ஆக்ஸில் இல்லாமல் ஃபோர்க்கை அழுத்திப் பாருங்கள். அப்போது தாராளமாக ஓடினால், ஆக்ஸிலை இறுக்கும்போது இரண்டு கால்களும் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டுப் புஷ் (ஸ்டான்ஷன் சறுக்கும் உள்வளையம்) இறுகுகிறது என்று பொருள். அப்போதும் பிடித்தால் லோயரை (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கால்களை) கழற்றத்தான் வேண்டும். ராக்‌ஷாக்ஸ் என்ற ஃபோர்க் நிறுவனம் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை லோயர் சர்வீஸ் செய்யச் சொல்கிறது; லோயருக்குள் இருக்கும் ஆயில் மிகக் குறைவு என்பதால் இதை அலட்சியம் செய்யக் கூடாது என்பது என் கருத்து.

பிரேக் காலிப்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். பிரேக் பேடில் ஒரு துளி ஆயில் பட்டாலும் பேட் வீண். ஃபோர்க் நீண்டிருக்கும் நிலையில் காற்றை மிக மெதுவாக வெளியேற்றுங்கள். முழுக் காற்றும் போன பிறகு ஃபோர்க் ஆழமாக உள்ளே இழுத்துக்கொண்டு நின்றால், நெகட்டிவ் அறையில் அழுத்தம் அடைபட்டிருக்கிறது; அந்த நிலையில் எந்தப் போல்ட்டையும் தொடாதீர்கள். பத்திரமாக இருந்தால், அடிப்போல்ட்டுகளைச் சில சுற்று மட்டும் தளர்த்தி, அவற்றின் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் உள்ளிருக்கும் ஷாஃப்ட் லோயரிலிருந்து விடுபடும். முழுதாகக் கழற்றிய போல்ட்டில் தட்டினால் மரை கெடும்.

வடியும் ஆயிலை ஒவ்வொரு காலுக்கும் தனிப் பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டேம்பர் பக்கத்தில் ஊற்றியதைவிட அதிகமாக வந்தால் டேம்பர் சீல் கசிகிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் உள்ளே துடைத்து, ஃபோம் ரிங்கை (பஞ்சு வளையத்தை) ஆயிலில் ஊறவைத்து, டஸ்ட் சீலின் உதட்டில் மெல்லிய படலமாக மட்டும் சஸ்பென்ஷன் கிரீஸ் தடவுங்கள். ஆயிலின் அளவும் வகையும் மாடலுக்கு மாடல், காலுக்குக் கால் மாறும். உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்துச் சிரிஞ்சில் அளந்துதான் ஊற்ற வேண்டும். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ராக்‌ஷாக்ஸின் பல மாடல்களுக்கு இது 7.3 நியூட்டன் மீட்டர்.

மேட்டுவழி:

இருவருக்கும் நன்றி. ஆக்ஸில் சோதனையில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. லோயரைக் கழற்றியபோது காற்றுப் பக்கத்தில் சில கரிய துளிகள்தான் வந்தன. ஃபோம் ரிங் வறண்டு, நுண்மண்ணுடன் விறைத்திருந்தது. டேம்பர் பக்கத்து ஆயில் தெளிவாக, அளவாகவே இருந்தது. சர்வீசுக்குப் பிறகு சிறு கற்களை அழகாக வாங்குகிறது. ஆனால் அழுத்தத்தைச் சமன்செய்து நிமிரவைத்த ஃபோர்க், ஓட்டிவிட்டு வந்தால் மறுபடியும் இறங்கி நிற்கிறது. ஏர் ஸ்பிரிங்கை (காற்று அறைகளும் பிஸ்டனும் உள்ள பகுதியை) திறப்பது வீட்டில் செய்யக்கூடிய வேலைதானா?

பதில் 3: பல்சக்கரம்

செய்யலாம், டேம்பரைப் போல நுணுக்கமான வேலை அன்று. உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய சீல் கிட்டையே வாங்குங்கள், ஏனெனில் ஒரே பெயரில் வரும் ஃபோர்க்கிலும் ஏர் ஷாஃப்ட் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. பல மாடல்களில் ஸ்டான்ஷனின் அடியில் உள்ள சர்க்ளிப்பை (பூட்டு வளையத்தை) எடுத்தால் ஷாஃப்ட் முழுதாக வெளியே வரும். சர்க்ளிப்பை எடுக்கும்போது இடுக்கியின் நுனி ஸ்டான்ஷனின் உட்சுவரைக் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு கீறல் விழுந்தால் புதுச் சீலும் காற்றைத் தாங்காது. பழைய கிரீஸை முழுதாகத் துடைத்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சமன்செய்யும் அந்தப் பள்ளம் நகத்தளவுகூட இருக்காது. அதில் கிரீஸ் உறைந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். புதிய கிரீஸைச் சீலின் மேல் மட்டும் மெலிதாகத் தடவுங்கள், குழாய்க்குள் அள்ளிப் பூச வேண்டாம்.