குடும்ப வீடியோ ப்ராஜெக்ட்களை எப்படி அடுக்குவது?

காரைக்குடிக்காரன்:
அப்பச்சி எடுத்த மினி டிவி (MiniDV) கேமரா டேப்பிலிருந்து போன மாதம் நடந்த சாந்தி (அறுபது, எண்பது வயது நிறைவு விழா) வரை எல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. வீடியோ எடிட் செய்யும் அடோபி பிரீமியரில் போட்ட ப்ராஜெக்ட்களுக்குப் பெயர் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு'. ஃபோல்டரை நகர்த்தினால் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்பாக நிற்கிறது. முகப்பில் உட்கார்ந்து ஆச்சி கொட்டான் (ஓலைக்கூடை) முடைகிற காட்சி எதில் இருக்கிறதோ! அது எனக்குக் கட்டாயம் வேண்டும்.

தேவகோட்டை தம்பி:
அண்ணே, ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ இருக்காது, அது இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். அதனால் முதலில் எதையும் நகர்த்தாதீர்கள். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டையும் திறந்து, ப்ராஜெக்ட் மேனேஜரில் 'கலெக்ட் ஃபைல்ஸ்' கொடுங்கள். கிளிப்புகளும் ப்ராஜெக்ட்டும் புது ஃபோல்டரில் சேர்ந்துவிடும். அப்புறம் '2009-12 பிள்ளையார் நோன்பு' என்று ஆண்டை முன்னால் வைத்துப் பெயரிடுங்கள், தானாக வரிசையில் நிற்கும்.

கானாடுகாத்தான்:
டேப்பிலிருந்து எடுத்த அசலை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபிதான். ஒரு பிரதி வெளியூரில் பங்காளி வீட்டிலும் இருக்கட்டும்.

காரைக்குடிக்காரன்:
சரி தம்பி, நோன்பு ப்ராஜெக்ட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஆச்சி அதில்தான் இருப்பார்கள் என்று தோன்றுகிறது.