பூட்டின பூங்காவுக்குள் கொரோனா போனது எப்படி?

வண்டலூர்வாசி: "சிங்கம் கொரோனாவில் சாகவில்லை, கட்டிவிட்ட கதை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எரிச்சல்தான் வருகிறது. 2021 ஜூன் 3-ல் வண்டலூர் உயிரியல் பூங்காவில் நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கம் செத்தது. 11 சிங்கங்களில் 9-க்குத் தொற்று என்றது போபாலில் உள்ள விலங்கு நோய் ஆய்வகம். ஜூன் 16-ல் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் போனது. வைரஸின் மரபணுவைப் பார்த்து டெல்டா வகைக் கொரோனா என்றார்கள். இன்னும் என்ன வேண்டுமாம்?

ராஜாளி: எழுதியது நான்தான், பேர் சொல்லியே கேட்கலாம். பூங்காவை ஏப்ரலிலேயே மூடியாச்சு. உள்ளே ஒரு பார்வையாளர் கிடையாது. பூட்டின பூங்காவுக்குள் யார் கொண்டுபோய்க் கொடுத்தது? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

செவலைப்பூனை: கறி தானாக நடந்து கூண்டுக்குள் போகிறதா? போடுவதற்கு ஆள், கழுவுவதற்கு ஆள். நியூயார்க் பிராங்க்ஸ் பூங்காவையும் 2020 மார்ச்சிலேயே மூடிவிட்டார்கள். அப்புறம்தான் நாடியா என்ற புலி இருமியது.

ராஜாளி: நியூயார்க் எனக்கெதுக்கு? வண்டலூரில் எந்த ஊழியருக்குப் பாசிட்டிவ்? ஒரு ரிப்போர்ட் காட்டுங்க. பூட்டின பூங்கா சார், பூட்டின பூங்கா. நீலாவுக்கு முதல் நாள்தான் மூக்கு ஒழுகியதாம், மறுநாள் சாவாம்!

பொன்னி: அமெரிக்காவில் காட்டு மான்களுக்கே வந்திருக்கிறது. 2021 தொடக்கத்தில் நாலு மாநிலங்களில் எடுத்த ரத்த மாதிரிகளில் 40 சதவீதத்தில் எதிர்ப்பணுக்கள் இருந்தன. காட்டுக்கு யார் பூட்டுப் போட்டது?

ராஜாளி: வாங்க மேடம், நீங்க ஒருத்தர்தான் பாக்கி. முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் 28 யானைக்குக் கொரோனா டெஸ்ட் எடுத்தார்களே, என்ன ஆச்சு? எல்லாம் நெகட்டிவ். பாகன் நாள் பூரா பக்கத்திலேயே இருக்கிறார், அதுக்கு வரவில்லை. பூட்டி வைத்த சிங்கத்துக்கு மட்டும் வருமாக்கும்.

செவலைப்பூனை: யானையும் பூனைச் சாதியும் ஒன்றா? வீட்டுப் பூனைக்கே சுலபமாக ஒட்டுகிற வைரஸ் இது. யாரிடம் சொல்கிறேன்! போன மாதம் கழுகுப் படத்தைப் போட்டுப் பருந்து என்று சாதித்தவர்தானே.

ராஜாளி: அது பருந்துதான். இப்பவும் சொல்கிறேன்.

வண்டலூர்வாசி: சிங்கத்துக்குப் பதில் வரவில்லை, பருந்துக்கு மட்டும் உடனே வருகிறது.

ராஜாளி: பதில் சொல்ல வேண்டியது நீங்க. பூட்டின பூங்கா. யார் கொடுத்தது?

பொன்னி: கரும்பருந்துக்கு வால் நுனி பிளந்திருக்கும். அந்தப் படத்தில் பிளவே இல்லை.

ராஜாளி: படம் எடுத்தவன் நான். அது வாலை விரித்திருந்தது. விரித்தால் பிளவு தெரியாது. அதுவும் தெரியாமல் பேச வந்துட்டாங்க.